சுவரில் ஊரும் மணல் கூடு: தேவிபட்டினம் பக்கத்து வீடு ஒன்றில் செய்த நிகழ்வு ஆய்வு

மழை விட்டு தை பிறந்ததும் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து எனக்கு ஒரே மாதிரிப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். சுவரில் சாம்பல் நிறத்தில், வெள்ளரி விதை போல இரண்டு நுனியும் கூம்பி நடுவில் அகன்று, ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். காரை உதிர்ந்து தொங்குகிறது என்று தட்டிவிடப் போனால் அது நகரும், உள்ளே ஒரு அந்துப்பூச்சியின் புழு தன் கூட்டைச் சுமந்துகொண்டு போகிறது. தொண்டியிலிருந்து அனுப்புவார்கள், கீழக்கரையிலிருந்து அனுப்புவார்கள், மண்டபத்திலிருந்தும் வரும். படத்தைப் பார்த்து நாலு வரி எழுதி அனுப்பினால் கேட்டவர்களுக்கு அதுவே போதும். இந்த வருஷம் தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டிலேயே கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிட்டது, நானும் அங்கேயே தங்கும்படி ஆனது, அதனால் ஒரு வீட்டை முழுசாகப் பார்த்து எழுத முடிந்தது.

வீடு கடலிலிருந்து நடந்து போகிற தூரம். முன்பாதி பழைய ஓட்டு வீடு, சுண்ணாம்புக் காரை பூசிய கனத்த சுவர். பின்னால் பிறகு கட்டிய கான்கிரீட் அறைகள் இரண்டு, அதில் ஒன்றை ஒட்டிக் குளியலறை. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரைக்கு நல்ல மழை, அதற்கப்புறமும் உப்புக்காற்றின் ஈரம் சுவரை விட்டுப் போகாது, பீரோவை நகர்த்தினால் பின்னால் சுவர் வியர்த்திருக்கும். இந்தப் புழுவுக்கு வேண்டியதே அந்த ஈரம்தான், வறண்ட வீட்டில் நிலைக்காது.

மதினி கேட்டது இரண்டு விஷயம். "தம்பி, இது கரையான்ல ஒரு வகையா? பீரோல பட்டுச் சேலையெல்லாம் இருக்கு, அரிச்சுப்புடுமா?" அப்பத்தாவுக்குக் கவலையே இல்லை. "நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து பாக்குறேன், அது பாட்டுக்குப் போகும், அது பாட்டுக்கு வரும்" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி பதில்தான் இருக்கிறது, அதைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால் முதலில் இது எது என்று தெரிய வேண்டும்.

எது இல்லை என்று பார்த்தது

கரையான் இல்லை என்பது உடனே தெரியும். கரையான் மண் பாதை தரையிலிருந்தோ விரிசலிலிருந்தோ தொடர்ந்து ஓடும், இடம் பெயராது, உடைத்தால் உள்ளே வெள்ளைப் பூச்சிகள் கூட்டமாக இருக்கும். இங்கே ஒவ்வொன்றும் தனி, ஒவ்வொன்றும் தன் கூட்டைத் தானே இழுத்துக்கொண்டு போகிறது.

பின்கட்டில் கருவாடு வைத்திருந்தார்கள், அதிலிருந்து வந்திருக்குமோ என்று அண்ணனுக்குச் சந்தேகம். கருவாட்டை அரிக்கிற வண்டின் புழு பழுப்பாக, உடம்பெல்லாம் முடி குத்திட்டு நிற்கும், கூடு சுமக்காது. அரிசிப் பானையில் வரும் அந்துவின் புழுவும் இது இல்லை. அது அரிசி மணிகளை நூலால் பிணைத்து அதற்குள்ளேயே இருக்கும், கூட்டைத் தூக்கிக்கொண்டு சுவரேறாது.

கொஞ்சம் யோசிக்க வைப்பவை இரண்டு. ஒன்றை அண்ணன் மகனே கொண்டுவந்தான். "சித்தப்பா, இதுவும் அதுதானே?" என்று கொல்லையில் நின்ற கருவேல மரத்திலிருந்து ஒரு கூட்டைப் பறித்து வந்தான், சின்னச் சின்னக் குச்சிகளை நீளவாக்கில் அடுக்கிக் கட்டியது போல, விரல் கணு அளவு இருந்தது. அதுவும் கூடு சுமக்கும் அந்துப் புழுதான், ஆனால் வேறு குடும்பம், சைக்கிடே. அது பச்சை இலை தின்னும். கூட்டின் ஒரு முனைதான் அதற்கு எப்போதும் முன்பக்கம், மறுமுனை வழியாக எச்சத்தைத் தள்ளும். அந்த வகைகளில் பெரும்பாலானவற்றில் பெண் அந்துக்குச் சிறகே கிடையாது, வளர்ந்த பிறகும் அந்தக் கூட்டுக்குள்ளேயே இருந்து முட்டையிட்டு அங்கேயே முடிந்துபோகும். வீட்டுச் சுவரில் இருந்த கூட்டில் குச்சி, இலை எதுவும் இல்லை, வெறும் மணலும் தூசியும் நூலும்.

இன்னொன்று, கூடு கட்டும் துணிப்புழு, டினியா பெல்லியோனெல்லா என்று 1758இல் லின்னேயஸ் பெயர் வைத்தது. சுவர்ப் புழுவும் துணிப்புழுவும் ஒரே டினியிடே குடும்பம், இரண்டின் கூட்டுக்கும் இரண்டு பக்கமும் வாசல் உண்டு, இணையத்தில் தேடுகிறவர்கள் குழம்புவதும் இங்கேதான். வித்தியாசம் கூட்டின் சரக்கிலும் வடிவத்திலும் இருக்கிறது. துணிப்புழுவின் கூடு குழாய் மாதிரி, தான் தின்கிற கம்பளியின் இழையையே வைத்துக் கட்டியது, கம்பளி என்ன நிறமோ கூடும் அந்த நிறம். நம் வீட்டில் இருந்தது தட்டையானது, நடுவில் அகன்றது, மணலும் காரைத் துகளும் பதித்தது.

கிட்டத்தில் பார்த்தது

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு லென்ஸ், மெல்லிய பெயிண்ட் பிரஷ், மூடி போட்ட கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பா, கைபேசி, இவ்வளவு போதும். பகலில் அசையாமல் இருந்தால் ராத்திரி விளக்கை அணைத்து அரை மணி நேரம் விட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், காலையில் இருந்த இடத்தில் ஒன்றும் இருக்காது.

நகரும்போது ஒரு முனையிலிருந்து தலையும் அதன் பின்னால் மூன்று கணுக்களும் மட்டும் வெளியே வரும். தலை கரும்பழுப்பு. அந்த மூன்று கணுக்களின் முதுகிலும் கருத்த கெட்டியான தகடு இருக்கிறது, மூன்று ஜோடிக் கால் அதன் அடியில்தான். வெளியே நீட்டுகிற பாகத்துக்கு மட்டும் கவசம். மீதி உடம்பு வெள்ளையாக, மெத்தென்று, கூட்டுக்குள்ளேயே இருக்கும். கால்களை ஊன்றி உடம்பைச் சுருக்கும்போது கூடு ஒரு இழுப்பு முன்னால் வரும், அப்புறம் மறுபடி நீட்டும். பிரஷ் முடியால் தலையைத் தொட்டால் சட்டென்று உள்ளே போய்விடும், கூட்டின் வாசல் தட்டையாக இருப்பதால் மேலுதடும் கீழுதடும் சேர்ந்து மூடிக்கொள்ளும். கொஞ்சம் பொறுத்திருந்தால் எதிர் முனையிலிருந்து தலை வரும். உள்ளுக்குள்ளேயே மடங்கித் திரும்பிவிடுகிறது, நடுவில் அகலம் இருப்பது அதற்குத்தான். இந்தத் திரும்பலைப் பார்த்துவிட்டால் கருவேல மரத்துக் கூட்டோடு குழப்பிக்கொள்ள வழியில்லை.

புழுவைப் பிடித்து வெளியே இழுக்காதீர்கள். அதன் வயிற்றுப் பக்கத்துப் பொய்க்கால்களில் வரிசையாகக் கொக்கிகள் உண்டு, உள்ளே பூசிய பட்டு நூலைக் கவ்விப் பிடித்திருக்கும், இழுத்தால் பிய்ந்துதான் வரும். உள்ளே பார்க்க வேண்டுமானால் காலிக் கூட்டை எடுத்து ஓரத்தில் கீறிப் பிரியுங்கள், பழைய கூடுகள் மேல்சுவரில் எப்போதும் கிடைக்கும். வெளியே மணலும் குப்பையும் சொரசொரவென்று இருந்தாலும் உள்பக்கம் வெண்பட்டு பூசி வழவழவென்று இருக்கும். அளவு சொல்வதானால் முழுசாக வளர்ந்த புழு 7 மில்லிமீட்டர் அளவு, கூடு 8 முதல் 14 மில்லிமீட்டர் நீளம், 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலம்.

கூட்டின் மேல் என்ன பதிந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த வேலை. திண்ணைப் பக்கத்துக் கூடுகளில் வெளிறிய கடல் மணல், நடுவில் கிளிஞ்சல் பொடி, காலோடு வீட்டுக்குள் வந்தது. நீல டிஸ்டெம்பர் அடித்த அறையில் எடுத்தவற்றில் நீலப் பொருக்கு. ஓட்டு வீட்டுப் பகுதியில் செம்மண் நிறத் துகள், ஓடும் செங்கலும் உதிர்ந்தது. கட்டிலுக்கு அடியில் எடுத்த ஒன்றில் அப்பத்தாவின் நரைமுடி ஒன்று குறுக்கே இழுத்துத் தைத்தது போல இருந்தது. வெள்ளைத் துகள் குவார்ட்ஸ் மணலா, சுண்ணாம்பா என்று சந்தேகம் வந்தால், காலிக் கூட்டின் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு லென்ஸில் பாருங்கள், காரையும் கிளிஞ்சலும் இருக்கும் இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும், மணலில் கிளம்பாது. இந்த வீட்டில் ஓட்டுப் பகுதிக் கூடுகள் நன்றாகக் குமிழ் விட்டன, கான்கிரீட் அறையில் எடுத்தவை அவ்வளவு இல்லை. அவை எந்தச் சுவரோரத்தில் வளர்ந்து ஏறின என்பதற்கு இது நல்ல தடயம்.

கூடு எந்த இடத்தில் வளர்கிறது என்று பார்க்க, டப்பாவில் போட்ட ஒன்றுக்கு மதினியின் நீலக் கோலப்பொடியைத் தூவி வைத்தேன், தின்ன நூலாம்படையும் செத்த எறும்பும். நீல மணிகள் இரண்டு முனைகளிலும்தான் முதலில் ஏறின, ஒவ்வொன்றாக, உதடு ஓரத்தில் நூல் சுற்றிப் பிடித்து. நடுப்பகுதி பழைய சாம்பல் நிறமாகவே இருந்தது. பிரெஞ்சுக்காரர் ரியோமூர் 18ஆம் நூற்றாண்டிலேயே துணிப்புழுவை ஒரு நிறத் துணியிலிருந்து இன்னொரு நிறத் துணிக்கு மாற்றி இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். புழு பெருக்கப் பெருக்க நுனியில் நீளம் சேர்ப்பதையும், அகலம் போதாதபோது பக்கத்தைக் கிழித்து நடுவில் ஒட்டுப் போடுவதையும் அவர் நிறத்தை வைத்தே பிரித்துக் காட்டினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது, அண்ணன் மகன் இன்னும் சிவப்புப் பொடியில் ஒன்று வளர்த்துக்கொண்டிருக்கிறான்.

அந்து வெளியே வந்த பிறகு

தின்று முடித்த புழு சுவரில் உயரமாக ஏறி, கூட்டின் இரண்டு முனையையும் நூலால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு முனையில் ஓரங்களைக் கொஞ்சம் கீறி இன்னும் தட்டையாக்கி வைக்கும். அந்து வெளியே தள்ளிக்கொண்டு வரத் திறக்கும், வெளியிலிருந்து எதுவும் சுலபமாக நுழைய முடியாது. ஆகவே கீழ்ச்சுவரில் ஒரு முனை மட்டும் ஒட்டித் தொங்குவது பெரும்பாலும் உயிருள்ள புழு. உயரத்தில் இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தால் கூட்டுப்புழு, அல்லது காலி. காலியா இல்லையா என்று அறிய ஒரு வழி: முனையில் பழுப்பான, கண்ணாடித்தாள் மாதிரி ஒரு தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்து போய்விட்டது. படம் அனுப்புகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான், எவ்வளவு உயரத்தில், எத்தனை முனை ஒட்டியிருக்கிறது, தோல் தெரிகிறதா.

டப்பாவில் வைத்ததில் முதல் அந்து உச்சிப்பொழுதில் வந்தது. இந்த வகைக்கு நண்பகல்தான் வழக்கமான நேரம். சாம்பல் நிறம், சிறகை விரித்தால் 10 முதல் 13 மில்லிமீட்டர்தான், முன்சிறகில் கருத்த புள்ளிகள், பின்சிறகின் ஓரத்தில் நீண்ட வெளிர் சாம்பல் முடிக்குஞ்சம், தலையில் சிலிர்த்த முடி. ஆண் இன்னும் சின்னது, புள்ளியும் குறைவு. வெளியே விட்டதும் பறந்து போய் மூலையில் இருந்த சிலந்தி வலையிலேயே உட்கார்ந்தது, சிக்கவில்லை. நூலாம்படையில் இப்படி உட்கார்ந்து ஓய்வெடுப்பது இவற்றின் வழக்கம், அண்ணன் வீட்டில் பலமுறை பார்த்தாயிற்று.

இன்னொரு கூட்டிலிருந்து அந்துவே வரவில்லை, கறுப்பாக ஒரு பொடிக் குளவி வந்தது, நீண்ட உணர்கொம்பு, எறும்பை விடக் கொஞ்சம் பெரிது. கூட்டைப் பிரித்தபோது உள்ளே புழு இல்லை, வெள்ளையாக இன்னொரு சின்னக் கூடு இருந்தது. பிராக்கானிடே குடும்பத்துக் குளவி. அபான்டிலிஸ் கார்ப்பேட்டஸ் என்ற இனம் இந்த மாதிரிக் கூட்டுப் புழுக்களுக்குள் முட்டையிட்டு வளர்வது வெகு காலமாகத் தெரிந்த விஷயம், சுவர்ப் புழுவும் துணிப்புழுவும் இரண்டும் அதற்கு இரை. இவ்வளவு கெட்டியாகக் கட்டிய கூட்டுக்குள்ளும் ஒருத்தி கை வைத்துவிடுகிறாள். மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன், "பாவம்ல" என்றார், குளவியையா புழுவையா என்று நான் கேட்கவில்லை.

சரி, பெயர். கூட்டின் வடிவம், புழுவின் மூன்று தகடு, அந்துவின் புள்ளி, குஞ்சம் எல்லாம் சேர்த்து ஃபெரியோக்கா பேரினம் என்று எழுதினேன், அதோடு நிறுத்தினேன். இந்தப் பேரினத்துக்கு 1956இல் ஹிண்டனும் பிராட்லியும் பெயர் வைத்தார்கள். இதில் யூட்டெரெல்லா என்ற இனத்தை 1897இல் வால்சிங்ஹாமும், அலுட்டெல்லா என்ற இனத்தை 1892இல் ரெபெலும் விவரித்தார்கள். இரண்டும் உலகம் முழுக்க வெப்பமான, ஈரமான ஊர்களின் வீடுகளில் ஒன்றுக்கொன்று மாறி மாறிப் பெயர் சூட்டப்பட்டு வந்திருக்கின்றன. 1979இல் பனாமாவில் பூச்சியியலாளர் அனெட் அயெல்லோ இதை வளர்த்து எழுதிய புகழ்பெற்ற வாழ்க்கைச் சுழற்சிக் கட்டுரையே அலுட்டெல்லா என்ற பெயரில் வந்து, பிறகு யூட்டெரெல்லாவின் கணக்கில் சேர்க்கப்பட்டது. பிரித்தறிய அந்துவின் இனப்பெருக்க உறுப்பை அறுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கைபேசிப் படத்தை வைத்து இனப்பெயர் வரை எழுதிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம், அந்தப் பதிவுகளை நம்பித்தான் பிறகு பரவல் வரைபடம் போடுகிறார்கள்.

எங்கிருந்து வந்தது, என்ன செய்தோம்

எந்த அறையில் எத்தனை என்று ஒரு காகிதத்தில் வீட்டை வரைந்து குறித்துப் பார்த்தபோது விஷயம் துலங்கியது. சமையலறையில் அனேகமாக இல்லை. தினம் பெருக்குகிற கூடத்தில் ஒன்றிரண்டு. குளியலறையை ஒட்டிய அறையில் பீரோ நின்ற சுவரிலும், ஓட்டு வீட்டுப் பரணுக்குக் கீழேயும்தான் கூட்டம். பீரோவை இழுத்துப் பார்த்தால் பின்னால் சுவரும் தரையும் சேரும் ஓரம் முழுக்கச் செத்த எறும்பு, கரப்பான் கால், பல்லி உரித்த தோல், முடி, அதன் மேல் பழைய நூலாம்படை. மழைக்கு முன்னால் எறும்புக்கு ஆள் வைத்து மருந்து அடித்திருக்கிறார்கள், செத்ததைக் கூட்டி அள்ளவில்லை. இந்தப் புழு தின்பதே நூலாம்படை, செத்த பூச்சி, உதிர்ந்த முடி, கம்பளி. தன் இனம் விட்டுப்போன காலிக் கூட்டையும் கடித்துத் தின்னும். மருந்து அடித்தது அதற்கு விருந்து வைத்தது போல ஆகிவிட்டது. முட்டை இடுவதும் அதே ஓரத்தில்தான், ஒரு பெண் அந்து 200 முட்டை வரை, விரிசலில் குப்பையோடு ஒட்டி வைக்கும். அயெல்லோ வளர்த்த கணக்கில் முட்டை பொரிக்கப் பத்து நாளுக்கு மேல், புழு ஏறக்குறைய 50 நாள், கூட்டுப்புழு இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல், மொத்தம் சராசரி 74 நாள். ஐப்பசியில் அடித்த மருந்துக்குத் தையில் சுவர் நிறையப் புழு என்பது இந்தக் கணக்கோடு பொருந்திப்போகிறது.

ஆகவே அண்ணனிடம் சொன்னது, சுவருக்கு மறுபடி மருந்து அடிக்கவே வேண்டாம். புழு கடிக்காது, சுவரைத் தின்னாது, காரையில் தளர்ந்த துகளைத்தான் பொறுக்குகிறது. பீரோ, கட்டில், பரண் எல்லாவற்றையும் நகர்த்தி ஓரங்களைக் கூட்டினோம், ஒட்டடை அடித்தோம், குப்பையைக் கொல்லையில் கொட்டாமல் எரித்தோம். ஒட்டடைக் குச்சியால் மூலை நூலாம்படையை எடுப்பது இங்கே பாதி வேலையை முடித்துவிடும், ஏனென்றால் அது புழுவுக்குச் சாப்பாடு, அந்துவுக்கு உட்காரும் இடம். சுவரில் இருந்ததைக் கையால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டால் போதும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னேன், காற்று போனால் சுவர் காயும். குளியலறை ஜன்னலைப் பகலில் திறந்து வைப்பது இன்னொன்று.

மதினியின் சேலைக்கு வருகிறேன். பருத்தியை இந்தப் புழு தொடாது, 1933இலேயே கீ என்ற ஆய்வாளர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். கம்பளி தின்னும், அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன், எடுத்துப் பார்த்தோம், பழுதில்லை, வெயிலில் உதறிப் போட்டோம். பட்டும் புரத இழைதான், வியர்வைக் கறையோடு மடித்து வைத்தால் இந்தக் குடும்பத்துப் புழுக்களுக்கு அதில் நாட்டம் வரலாம், ஆகவே கட்டியதைக் காயவைத்துத் துணிப்பையில் போட்டு வைப்பது நல்லது. பீரோவுக்குள் ஒரு கூடும் இல்லை.

கூட்டிய பிறகு மாசி கடைசியில் போனபோது பீரோ சுவரில் எதுவும் இல்லை. பரணுக்குக் கீழே மட்டும் இன்னும் சில, ஏனென்றால் பரணில் பழைய வலையும் ஓலைப் பெட்டியும் அப்படியே இருக்கின்றன, அதை இறக்க ஆள் வேண்டும். இறக்கும்போது மேல்சுவரில் ஒட்டியிருக்கும் காலிக் கூடுகளையும் சுரண்டி எடுத்துவிடும்படி சொல்லியிருக்கிறேன், அடுத்த தலைமுறைக்கு அதுவும் தீனிதான்.